எடைக்கோட்டில் ஒரு பரங்கிக்காய்

சனிக்கிழமை சாயங்காலம் கான்வாஸ் ஷூவைக் கழுவுவது ரூஃபஸின் வேலை. யூனிஸ் அதைத் தொடமாட்டாள். கல்யாணமான புதிதிலேயே சொல்லிவிட்டாள்: "சட்டை துவைக்கிறேன், பேன்ட் துவைக்கிறேன். உங்க கால் உங்க பாடு." மெட்டுகூடா வீட்டின் பின்பக்க பால்கனியில், குழாய்க்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தேய்ந்த பல்விளக்கும் பிரஷ்ஷால் ரூஃபஸ் ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது முழங்காலை மடக்க முடியவில்லை. அந்தக் காலை நீட்டியபடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

ஷூவின் அடிப்பாகம் அப்பளம் மாதிரி இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். பெடலின் துடிப்பு பாதத்துக்குத் தெரியாவிட்டால் அவர் வேலை நடக்காது.

உப்பலில் ஒரு வாகனச் சோதனைக் கூடத்தில் அவர் ஓட்டுநர். அங்கே வண்டி எங்கேயும் போகாது. தரையில் பதித்த பெரிய இரும்பு உருளைகளின் மேல் சக்கரத்தை ஏற்றி, வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டிவிடுவார்கள். எதிரே திரையில் ஒரு கோடு ஏறும், இறங்கும். கோடு சொல்கிற வேகத்தில் இவர் ஓட்ட வேண்டும். ஏறும்போது மிதிக்க வேண்டும், இறங்கும்போது விட வேண்டும், கோட்டை விட்டு விலகக் கூடாது. விலகினால் ஓட்டம் செல்லாது, முதலிலிருந்து மறுபடியும். பின்னால் ஒரு குழாய் புகையைப் பிடித்துப் பைகளில் அடைக்கும். அந்தப் புகையை வைத்து வண்டி எவ்வளவு எண்ணெய் குடிக்கிறது என்று கணக்குப் போடுவார்கள்.

"இருபது வருஷமா வண்டி ஓட்டுறாரு, உப்பல் தாண்டினதில்ல," என்று சர்ச்சில் யாராவது கேட்டால் யூனிஸ் சொல்வாள். அவர்கள் வீட்டில் கார் கிடையாது. ரூஃபஸ் மெட்ரோவில்தான் போய் வருவார்.

அன்று அவருக்கு மனசு சரியில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் ராமசுவாமி எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்ன விஷயம் அப்படி. எடை மேடையைப் பார்த்துக்கொள்ளும் சபீனாவை ஜீடிமெட்லாவில் இருக்கும் கிடங்குக்கு மாற்றப் போகிறார்கள். ஒரு காரின் எடையைத் தப்பாக எழுதிவிட்டாளாம்.

"சபீனாவா? எடையா?" என்று அதைக் கேட்டபோது யூனிஸ் நம்பவில்லை. "அவ வீட்ல உப்பைக்கூட தராசுல போடுறவளாச்சே."

"கணக்கு உதைக்குது யூனிஸ். நான் என்ன பண்ணட்டும்."

மகள் பிளெசி பால்கனிக் கதவில் சாய்ந்து நின்றாள். ஹைடெக் சிட்டியில் வேலை, வாயில் பாதி இங்கிலீஷ், பாதி ஊர்ப்பாஷை. "டாடி, ஒரு கார் நாலு கிலோ கூட இருந்தா என்ன ஆயிடும்? ஏன் இத்தனை டிராமா?"

ரூஃபஸ் ஷூவைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்தார். இந்தக் கேள்விக்கு நாலு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது என்பதே அவருக்கு அலுப்பாக இருந்தது.

"ஒவ்வொரு வண்டியும் இவ்வளவுதான் குடிக்கலாம்னு சர்க்கார் தனித்தனியா சொல்றதில்லம்மா. ஒரு கம்பெனி வருஷத்துல வித்த கார் எல்லாத்தையும் சேர்த்து சராசரி பார்ப்பாங்க. அந்த சராசரி ஒரு அளவுக்குள்ள இருக்கணும். ஆனா அந்த அளவும் எல்லாருக்கும் ஒண்ணு இல்ல. கனமான வண்டி விக்கிறவனுக்குக் கொஞ்சம் தாராளம். லேசான வண்டி விக்கிறவனுக்குக் கெடுபிடி."

"கைக்கு? ஏன் அப்படி? உல்டாவா இருக்கே."

"அதைத்தான் சின்ன கார் செய்யறவங்க போய் முட்டிக்கிட்டாங்க. இப்ப வரப்போற விதிக்கு ஒரு வரைவு போட்டிருக்காங்க. இவ்வளவு நீளத்துக்குள்ள, இவ்வளவு இன்ஜினுக்குள்ள, இவ்வளவு எடைக்குள்ள இருந்தா அது சின்ன வண்டி, அதுக்குத் தனிச் சலுகைன்னு. அந்த எடைக்கு ஒரு கிலோ மேல போனாலும் பெரிய வண்டிங்களோட வரிசையில நிக்கணும்."

யூனிஸ் துணி மடித்துக்கொண்டே உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "அப்ப குண்டா இருந்தாலும் சலுகை, ஒல்லியா இருந்தாலும் சலுகை. நடுவுல இருக்கிறவன்தான் மாட்டுவான்."

"நம்மள மாதிரி," என்றார் ரூஃபஸ்.

"நடுவுலயா? நீங்க உங்க இடுப்பைப் பார்த்துட்டுப் பேசுங்க."

பிளெசி சிரித்தாள். ரூஃபஸும் சிரிக்கப் பார்த்தார்.

அந்தச் சின்ன கார் வந்தபோது கூடத்தில் எல்லோரும் உற்சாகமாகத்தான் இருந்தார்கள். வடக்கே இருக்கும் ஒரு கம்பெனியின் வண்டி. சலுகைக்கான எடைக்கோட்டுக்குக் கீழே வந்துவிடும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுத்தான் செய்திருந்தார்கள். மேடையில் ஏற்றினால் நாலு கிலோ மேலே நின்றது. கம்பெனிக்காரர்கள் மூன்று பேர் விமானத்தில் பறந்து வந்தார்கள். கால்மிதியை எடுத்துப் பார்த்தார்கள், ஸீட்டுக்கு அடியில் இருந்த பஞ்சைச் செதுக்கினார்கள். கடைசியில் ஒருவருக்கு யோசனை வந்தது. ஸ்டெப்னியையே எடுத்துவிட்டால்? பஞ்சர் ஒட்டுகிற பசையும் காற்றடிக்கிற சின்ன பம்பும் கொடுத்தால் போதும், விதி இடம் கொடுக்கிறது. ஸ்டெப்னி போயிற்று, ஜாக்கி போயிற்று. மறுபடி மேடையில் ஏற்றினார்கள். கோட்டுக்குக் கீழே, தாராளமாகக் கீழே. எல்லோரும் கைகொடுத்துக்கொண்டார்கள்.

பிறகுதான் ஒருவர் கழித்துப் பார்த்தார். எடுத்த சாமான் பதின்மூன்று கிலோ. குறைந்ததோ பத்தொன்பது. நடுவில் ஆறு கிலோ எங்கே? எடை மேடையைச் சோதித்தார்கள். அதில் குற்றமில்லை. அப்படியானால் முதல் எடையை எழுதிய கை தப்பு. கீழே சபீனாவின் கையெழுத்து இருந்தது.

அந்த ஆறு கிலோவைப் பற்றி யோசித்தபடி ரூஃபஸ் இரண்டாவது ஷூவை எடுத்தபோது, யூனிஸ் மடித்த துணியோடு பால்கனிக்கு வந்தாள்.

"பாவம், அந்தக் காயைக் கொடுத்தனுப்பினதுக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டா தெரியுமா? போன் பண்ணி அரை மணி நேரம் பேசினா. அல்வா கிண்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாளாம். வெட்டறதுக்கு முன்னாடி அதையும் எடை போட்டுப் பார்த்திருக்கா. ஆறு கிலோவாம்! நாம ஏலத்துல ஏமாறல போங்க."

பிரஷ் நின்றது.

போன மாசம் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்த பரங்கிக்காய் அது. வருஷா வருஷம் நடப்பதுதான். சபையார் கொண்டுவந்து படைக்கிற காய், கனி, தேங்காய், கோழி எல்லாவற்றையும் ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். கடையில் கேட்டால் வாயைப் பிளக்கிற விலைக்குக் கடவுளுக்காக எடுப்பார்கள். செக்ரட்டரி பூபாலன் அந்தக் காயைத் தூக்கிக் காட்டி, "பூசணிக்காய்! நல்ல பூசணி!" என்று கூவ, அவர் திருநெல்வேலிக்காரர், அங்கே பரங்கிக்கும் அதே பெயர், சபையில் இருந்த அரக்கோணத்துக்காரர்கள், "யோவ், அது பரங்கிக்காய்!" என்று சத்தம் போட, அந்தச் சண்டையில் யாரும் விலை கேட்கவில்லை. காய் பூபாலன் கையில் அந்தரத்தில் நின்றது. அது அப்படி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ரூஃபஸ் கையைத் தூக்கினார். ஒரே கை. ஏலம் முடிந்தது.

"மூணு பேருக்கு இத்தாம்பெரிய காயா?" என்று வழியெல்லாம் யூனிஸ் திட்டினாள். வீட்டுக்கு வந்ததும், "சபீனாவுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க. ரம்ஜானுக்கு அவ்வளவு அனுப்பினாளே," என்றாள். மறுநாள் திங்கட்கிழமை காலையில் அதைத் துணிப்பையில் போட்டு, மெட்ரோவில் மடியில் வைத்துக்கொண்டு உப்பலுக்குப் போனார். சபீனா இன்னும் வரவில்லை. லாக்கரில் அது நுழையவில்லை. வாசலில் காவலாளி மேஜையில் வைத்தால் மத்தியானத்துக்குள் குழம்பாகிவிடும். அன்று தான் ஓட்டவேண்டிய சின்ன கார் குளிர்ந்த அறையில் நின்றது. சாவி அவரிடம் இருந்தது. டிக்கியைத் திறந்து காயை வைத்து மூடினார். வண்டி சனிக்கிழமையே வந்துவிட்டது, எடையும் அன்றைக்கே போட்டிருப்பார்கள் என்பது அவர் நினைப்பு. பத்து மணிக்கு வேறொரு வண்டியை ஓட்டச் சொல்லிக் கூப்பிட்டார்கள். சாயங்காலம் காயை எடுத்து சபீனாவின் ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை எடை போடவில்லை. மேடையில் அன்று கரண்ட் இல்லை. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத்தான் போட்டார்கள் என்று வெள்ளிக்கிழமை ராமசுவாமி சொன்னது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"என்னங்க, பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டீங்க?"

ரூஃபஸ் சொன்னார். சொல்லச் சொல்ல யூனிஸ் மடித்த துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிளெசி முதலில் சிரித்தாள். வெடித்துச் சிரித்தாள். "டாடி! ஒரு பம்ப்கினுக்காக ஸ்டெப்னியையே தூக்கிட்டாங்களா?" அப்புறம் அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"சபீனாவுக்குப் போன் பண்றேன்," என்று ரூஃபஸ் எழுந்தார். முழங்கால் மக்கர் பண்ணியது.

"இருங்க," என்றாள் யூனிஸ். "ஜனவரியில உங்க காண்ட்ராக்ட் புதுப்பிக்கணும். ஐம்பத்தஞ்சு வயசாச்சு. யோசிக்காம எதையாவது சொல்லி வைக்காதீங்க."

"அவ மாமியார் படுத்த படுக்கை யூனிஸ். கூடத்துக்குப் பின் தெருவுலதான் வீடு. மத்தியானம் ஓடிப் போய்ச் சோறு ஊட்டி, திருப்பிப் படுக்க வெச்சுட்டு வரா. ஜீடிமெட்லா போனா அது முடியுமா? வேலையை விட்டுட வேண்டியதுதான்."

"தெரியும். சொல்ல வேண்டாம்னு சொல்லல. போன்ல சொல்ற விஷயமா இது? திங்கட்கிழமை நேர்ல, ராமசுவாமி சார்கிட்ட முதல்ல சொல்லுங்க. மரியாதையா இருக்கும்."

அது நியாயமாகப் பட்டது. அதோடு அன்றைக்குச் சொல்லாமலிருக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை அவர் கவனித்தார். ஷூவைக் கொடியில் மாட்டிவிட்டு உள்ளே போனார்.

ஞாயிறு ஆராதனையில் பூபாலன் கை குலுக்கி, "பூசணி எப்படி இருந்துச்சு பிரதர்?" என்று கேட்டார். "நல்லா இருந்துச்சு," என்றார் ரூஃபஸ். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். ஒரு தடவை யூனிஸின் போனை எடுத்து சபீனாவின் பெயர் வரைக்கும் போனார். திரை அணைகிற வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தலைமாட்டில் வைத்தார்.

திங்கட்கிழமை காலை ராமசுவாமி அறையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. ராமசுவாமி கெட்ட மனிதர் இல்லை. தூங்காத கண்ணோடு, எப்போதும் யாருக்காவது பதில் எழுதிக்கொண்டிருப்பார். ரூஃபஸ் முழுவதையும் சொன்னார். ஏலம், துணிப்பை, லாக்கர், டிக்கி.

ராமசுவாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பரங்கிக்காயா?"

"ஆமா சார்."

"ரூஃபஸ், எனக்குக் காலங்காத்தால சிரிக்கத் தெம்பில்ல."

"சார், அந்த வண்டி முதல்லயே கோட்டுக்கு ரெண்டு கிலோ கீழதான் இருந்திருக்கு. ஸ்டெப்னியை எடுத்திருக்கவே வேண்டாம். சபீனா எழுதினது சரி. மேடை காட்டினதைத்தான் அந்தம்மா எழுதிச்சு."

ராமசுவாமி கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். "உக்காருங்க. நிதானமாக் கேளுங்க. ஆள் தப்பா எழுதிட்டாங்கன்னு அறிக்கை போனா, அந்த ஆளை மாத்திட்டோம்னு ஒரு வரி எழுதினா முடிஞ்சுது. வண்டிக்குள்ள சம்பந்தமில்லாத சாமான் கிடந்துச்சுன்னு போனா, அது வேற வகை. எங்க கூடத்துல யார் வேணா எதை வேணா வண்டியில வைக்கலாம்னு அர்த்தம். இந்த வருஷம் நாம ஓட்டின எல்லா வண்டியையும் மறுபடி ஓட்டிக் காட்டச் சொல்வாங்க. உங்க ஓட்டம் அத்தனையும் சேர்த்துத்தான். பரங்கிக்காய்னு நான் எங்க போய் எழுதுவேன்?"

"அந்த ஸ்டெப்னி, சார்?"

"அது திரும்பி வராது. எடை குறைஞ்சுது, செலவு குறைஞ்சுது, டிக்கியில இடம் கூடிச்சு. அவங்களுக்குப் பிடிச்சுப் போச்சு. நாளைக்கு யாராவது ரோட்டோரத்துல பசையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா நிக்கட்டும்." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "உங்க காண்ட்ராக்ட் ஃபைல்ல போன வாரமே நல்லபடியா எழுதி மேல அனுப்பிட்டேன். நீங்க கோட்டை விட்டு விலகாத ஆள்னு எழுதியிருக்கேன். அதைத் திருப்பி வாங்க வைக்காதீங்க. மிரட்டல, கேட்டுக்கறேன்."

"சபீனா?"

"காலையில வந்ததும் ஒப்புக்கிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பெருந்தன்மையான பொம்பளை. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல." ராமசுவாமி டீயை ஒரு வாய் குடித்து, ஆறிப்போயிருப்பதைக் கண்டு தள்ளி வைத்தார். "நீங்க இந்த ரூமுக்கு வரவே இல்லன்னு வெச்சுக்கறேன்."

ரூஃபஸுக்கு அன்று மூன்று ஓட்டம் இருந்தது. முதல் ஓட்டத்தில் கோடு ஏறும்போது வலது முழங்கால் குத்தியது. ஆனாலும் விலகவில்லை. கால் அதன் பாட்டுக்குக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போயிற்று. இரண்டாவது ஓட்டமும் அப்படியே. கூடத்தில் யாரோ, "இன்னிக்கு நூல் பிடிச்ச மாதிரி இருக்கு அண்ணே," என்றார்கள். அவருக்கு அது திட்டு மாதிரி கேட்டது.

மத்தியானம் எடை அறைக்குப் போனார். சபீனா தன் மேஜை சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பேனா, மூக்குக் கண்ணாடிக் கூடு, ஈரத்துணி, மாமியாரின் மாத்திரை டப்பா. எடை மேடை வெறுமையாக, பூஜ்யம் காட்டிக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணா. யூனிஸ் அக்காகிட்ட சொல்லுங்க, அந்த அல்வாவுக்கு இன்னும் பக்கத்து வீட்டுல இருந்து ஆள் வருது."

"சபீனாம்மா, அந்தக் காய்தான் அந்த ஆறு கிலோ."

அவள் புரியாமல் பார்த்தாள். ரூஃபஸ் நின்றபடியே சொன்னார். இரண்டு நாளில் இது மூன்றாவது தடவை. வார்த்தைகள் தேய்ந்துபோய்ச் சுருக்கமாக வந்தன. ராமசுவாமி சொன்னதையும் மறைக்கவில்லை.

சபீனா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முதலில் செய்தது தன் தப்பைத் தேடியதுதான்.

"டிக்கியைத் திறந்து பார்க்கறது என் வேலைண்ணா. எப்பவும் திறப்பேன். அன்னிக்குச் சாவி உங்க பேர்ல இருந்துச்சு. ரூஃபஸ் அண்ணன் வண்டின்னா சுத்தமா இருக்கும்னு விட்டுட்டேன்."

"உன் தப்பு இல்லம்மா."

"இல்லதான்." அவள் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "ரெண்டு வாரமா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல இருந்துச்சு. கண்ணு போச்சோன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன். இருக்கற நம்பரை இல்லாத நம்பரா எழுதிட்டேனான்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். சரியாத்தான் எழுதியிருக்கேன்." சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. "ஹவ், ஆமாண்ணா. சரியாத்தான் எழுதியிருக்கேன்."

"ராமசுவாமி சார்கிட்ட மறுபடியும் போய்ப் பேசறேன். எழுதியே கொடுக்கறேன்."

"நக்கோண்ணா, வேண்டாம். நான் ஒப்புக்கிட்டதுல கையெழுத்துப் போட்டாச்சு. அது மேல போயாச்சு. இனி நீங்க கொடுத்தா உங்க வேலையும் போகும், என்னுதும் திரும்பாது." அவள் மாத்திரை டப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுண்ணா?"

"சனிக்கிழமை சாயங்காலம்."

"சனிக்கிழமை." அந்த வார்த்தையைக் கையில் வாங்கிப் பார்ப்பது போலச் சொன்னாள். "ராமசுவாமி சார் நேத்து ராத்திரி எனக்குப் போன் பண்ணாரு. யோசிச்சு வைம்மா, நாளைக்குக் காலையில கையெழுத்துப் போட்டா போதும், போடமாட்டேன்னாலும் சொல்லுன்னு. நேத்து முழுக்க நான் வீட்லதான் இருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. என் நம்பர் யூனிஸ் அக்காகிட்ட இருக்கு."

ரூஃபஸ் தன் ஷூவைப் பார்த்தார். சனிக்கிழமை தேய்த்துக் கழுவியது. வெள்ளையாக இருந்தது.

"ஏன்ணா ஒரு போன் பண்ணல?"

குரலில் கோபமில்லை. பதில் வேண்டும் என்றுதான் கேட்டாள். கொஞ்சம் நின்றும் பார்த்தாள். வெளியே யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, மாமியாருக்குச் சோறு ஊட்ட சபீனா அறையைவிட்டுப் போனாள்.